தங்கம் போன பாதை

ரயிலடிச் சிந்தனைகள்



மாதம் பிறந்த முதல் வாரத்தில் எங்கள் சீட்டு அறையின் சாளரத்திற்கு முன்னே சீசன் டிக்கெட் வாங்குவோர் வந்து நிற்பார்கள். செல்பேசியிலேயே சீட்டு எடுத்துக்கொள்ளும் வழி வந்துவிட்டபடியால் வரிசை முன்போல் நீளுவதில்லை. எனினும் கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு நாள்தோறும் வந்துபோகும் முதியவர்களும் பெண்களும் இன்றும் கையில் பணத்தோடு வந்து நிற்கக் காண்கிறேன். சென்ற மாதம் அவ்வாறு ஒரு பெரியவர் வந்தார். காவலாளியின் உடுப்பு அணிந்திருந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். சீட்டைப் பெற்றுக்கொண்டு, "தம்பி, மாரிக்குப்பத்துக்கு இந்த ரயில் பாதையை எதற்காகப் போட்டார்கள், தெரியுமா?" என்று கேட்டார். "மக்கள் போய்வரத்தானே ஐயா!" என்றேன். அவர் சிரித்தார். "தங்கம் போவதற்காகப் போட்டார்கள். தங்கம் தீர்ந்தது. இப்போது நாங்கள் போகிறோம்" என்றார்.

பின்னால் நின்றவர் அவசரப்பட்டார், பெரியவரும் நகர்ந்துவிட்டார். ஆனால் அவர் சொன்ன சொல் என் மேசையைவிட்டு நகரவில்லை. பதின்மூன்று ஆண்டுகளாகச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் எனக்கு, அந்தப் பாதையின் கதையை ஒரு காவலாளி சொல்லித்தர வேண்டியிருந்தது. அக்கதையை இம்மாதம் நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அது வெறும் பழங்கதையன்று. பெருங்கம்பெனி ஒன்று ஓர் ஊருக்குள் நுழைந்தால் அங்கே யாருக்கு என்ன கிடைக்கிறது, யாரிடமிருந்து என்ன போகிறது என்பதைத் தெளிவாகக் காட்டும் கண்ணாடி அது. அக்கண்ணாடியில் இன்றைய பெங்களூரின் முகமும் தெரிகிறது.

கோலார்ப் பகுதியில் பொன் உண்டு என்பது பழைய செய்தி. ஜான் வாரன் என்னும் ஆங்கிலேய இராணுவ அதிகாரி 1802ஆம் ஆண்டில் அங்கே மக்கள் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதிவைத்தார். அதைப் படித்துவிட்டு, நியூசிலாந்துப் போரில் பணியாற்றித் திரும்பியிருந்த மைக்கேல் லவேல் என்பவர் 1871ஆம் ஆண்டில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு அங்கே சென்று தேடினார். சில ஆண்டுகளில் மைசூர் அரசாங்கத்திடம் சுரங்கம் தோண்ட உரிமையும் பெற்றார். அவர் கையில் போதிய முதல் இல்லை. 1880ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தனர். அவர்களிடம் முதலும் இருந்தது, இயந்திரமும் இருந்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் என்று நான்கு சுரங்கக் கம்பெனிகள் தழைத்தன. பங்குதாரர்கள் இலண்டனில் இருந்தனர். தொழிலாளிகள் மாரிக்குப்பத்தில் இருந்தனர். இடையே கடல் இருந்தது.

லவேல் துரையின் பெயரை நம் நகரம் மறக்கவில்லை. லவேல் சாலை என்று நாம் வழங்குகிறோமே, அஃது அவர் பெயரால் அமைந்ததுதான். இன்று பெங்களூரில் ஓர் அடி நிலத்தின் விலையைக் கேட்டால் மயக்கம் வரும் தெருக்களில் அதுவும் ஒன்று. சுரங்கத்தில் இறங்கி மாண்ட தொழிலாளிகளின் பெயரால் அமைந்த சாலை எதுவும் அதன் அருகில் இல்லை. தெருப்பெயர்கூட மேலே ஏறத் தெரிந்தவர்க்கே கிடைக்கும் போலும்!

நிற்க. சுரங்கத்திற்கு மூன்று பொருள்கள் வேண்டும்: பாதை, மின்சாரம், தண்ணீர். மூன்றும் வந்தன. 1894ஆம் ஆண்டில் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பத்திற்குக் கிளைப்பாதை போடப்பட்டது. காவிரி பாய்ந்து விழும் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுக்கும் திட்டம் திவான் சேஷாத்திரி ஐயர் காலத்தில் தொடங்கியது. 1902ஆம் ஆண்டில் அந்த மின்சாரம் 90 மைலுக்கும் மேற்பட்ட தூரம் கம்பி வழியாகச் சென்று தங்கவயலை அடைந்தது. அந்நாளில் உலகமே வியந்த காரியம் அது. ஆனால் பெங்களூர் நகரின் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905ஆம் ஆண்டில்தான். நாட்டின் ஆற்றுநீரிலிருந்து பிறந்த ஒளி, நாட்டின் பெருநகரத்தைக் கடந்து, முதலில் கம்பெனியின் சுரங்கத்திற்குச் சென்றது. குடிமக்கள் மூன்று ஆண்டுகள் காத்திருந்தார்கள். பேத்தமங்கலம் ஏரித் தண்ணீரும் குழாய் வழியே தங்கவயலை நோக்கிச் சென்றது.

இதில் குற்றம் என்ன என்று சிலர் கேட்கலாம். கம்பெனி பணம் கொடுத்து மின்சாரம் வாங்கியது, அரசாங்கத்துக்கு வருமானம் வந்தது, அந்த வருமானத்தைக்கொண்டு பின்னர் நகரமும் ஒளி பெற்றது, இது நன்மைதானே? உண்மைதான், நன்மையே. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அரசாங்கத்தின் வாயிலில் இருவர் நிற்கும்போது யார் முதலில் உள்ளே அழைக்கப்படுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். வாங்கும் சக்தி உள்ளவன் முதலில் போகிறான். தேவை உள்ளவன் பின்னால் நிற்கிறான். "ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். ஏறாமற்போவதற்குக் காரணம் ஏழையின் சொல்லில் பொருள் இல்லாமையன்று. அம்பலத்தின் படிக்கட்டு வேறொருவர் செலவில் கட்டப்பட்டிருப்பதே காரணம்.

அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர் யார்? பெரும்பாலும் நம்மவர்கள். வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், சித்தூர்ச் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக்கொடுமைக்கும் தப்பிப் பிழைக்க வந்தவர்கள். அவர்களிற் பலர் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். ஊரில் குனிந்து நின்றவர்களுக்குக் கம்பெனி கூலி பெரிதாகத்தான் தோன்றிற்று. மாதம் பிறந்தால் பணம் வந்தது. பண்ணையாரின் வசவு இல்லை. ஆகையால்தான் வந்தார்கள், தங்கள் உறவினரையும் அழைத்தார்கள். ஒருகாலத்தில் இருபத்தையாயிரம் பேருக்கு மேல் அங்கே உழைத்தனர்.

மேட்டில் துரைமார்களின் பங்களாக்கள் இருந்தன, கிளப்பு இருந்தது, பந்தடிக்கும் புல்வெளி இருந்தது. "சின்ன இங்கிலாந்து" என்றே அதற்குப் பெயர். பள்ளத்தில் தொழிலாளர் லைன்கள் இருந்தன. மூங்கில் தட்டியால் மறைத்த ஒற்றை அறைக் குடிசைகள். ஓர் ஊர், இரண்டு உலகம். பூமிக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்திற்குச் சுரங்கம் இறங்கிற்று. அந்த ஆழத்தில் பாறை தானாக வெடிக்கும். வெப்பம் உடலை உருக்கும். பாறைத் தூசு நுரையீரலில் படிந்து 'சிலிகோசிஸ்' என்னும் நோயாக மாறும். 1940 முதல் 1946 வரை ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகளைப் பரிசோதித்த மருத்துவர்கள், நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்நோய் பற்றியிருப்பதைக் கண்டனர். தங்கம் ரயிலேறிக் கப்பலேறி இலண்டன் சென்றது. தூசு மட்டும் மாரிக்குப்பத்திலேயே, மனிதரின் மார்புக்குள்ளேயே தங்கிவிட்டது.

ஆனால் நம்மவர்கள் வெறுமனே இருமிக்கொண்டு கிடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இது நமக்குப் பெருமை தரும் செய்தி. பண்டித அயோத்திதாசரின் கருத்துகளால் எழுச்சி பெற்ற தங்கவயல் தமிழர்கள் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கண்டார்கள், பள்ளி நடத்தினார்கள், அச்சகம் வைத்தார்கள். அயோத்திதாசர் நடத்திய 'தமிழன்' ஏடு நின்றுபோன பின், 1920களில் ஜி. அப்பாத்துரையார் அதனைத் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார். எண்ணிப் பாருங்கள்: பகலெல்லாம் பாறை உடைத்த மனிதன் இரவில் விளக்கடியில் தமிழ் ஏடு படித்தான். 1930ஆம் ஆண்டில், தொழிலாளிகளின் கைரேகையைப் பதிவு செய்யக் கம்பெனி முனைந்தபோது, "நாங்கள் குற்றவாளிகளா?" என்று கேட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். கூலியைவிட மானத்தைப் பெரிதாக மதித்தனர். படித்த கூட்டமும், கூடி நிற்கத் தெரிந்த கூட்டமுமே பெரிய கம்பெனியின் முன்னால் நிமிர்ந்து நிற்க இயலும் என்பது அவர்கள் நமக்குக் காட்டிய பாடம்.

விடுதலைக்குப் பின் 1956ஆம் ஆண்டில் மைசூர் அரசாங்கம் சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962ஆம் ஆண்டில் அவை மத்திய அரசின் கைக்கு வந்தன; 1972ஆம் ஆண்டில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தோன்றிற்று. இலண்டன் முதலாளி போனார், இனி நம் ஆட்சி என்று மகிழ்ந்தனர். ஆனால் தங்கத்தின் தரம் குறைந்துகொண்டே வந்தது. எடுக்கும் செலவு ஏறிக்கொண்டே போயிற்று. நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் தந்த மண், 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் கைவிடப்பட்டது. அன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். வேலை ஒன்று போனதோடு முடியவில்லை. வீடு கம்பெனியுடையது, தண்ணீர் கம்பெனியுடையது, மருத்துவமனை கம்பெனியுடையது. ஒரே கொம்பைப் பற்றி ஏறிய கொடிக்குக் கொம்பு முறிந்தால் கதி என்ன? தான் பிறந்த அறையும் தனக்குச் சொந்தமில்லை என்பதை ஒரு தலைமுறை அன்றுதான் அறிந்தது.

ஆகவே, முதலாளி வெள்ளையனா, நம்மவனா, அரசாங்கமா என்ற கேள்வி மட்டும் போதாது. உழைப்பவனுக்குத் தன் வீட்டின்மீதும், தன் ஊரின்மீதும், தன் உழைப்பின் பயன்மீதும் என்ன உரிமை எழுதப்பட்டிருக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. எழுதாத உரிமை, தருபவர் மனம் மாறும்வரை தான்.

இன்று தங்கவயலில் எஞ்சியிருப்பவை சயனைடு கலந்த மண்மேடுகள். காற்றடிக்கும் மாதங்களில் அந்த மண் வீடுகளுக்குள் வந்து படிகிறது. அம்மேடுகள் பதின்மூன்றிலும் மிச்சமிருக்கும் தங்கத்தைப் பிரித்தெடுக்கும் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இசைவு தந்தது. குப்பைக்கும் மீண்டும் விலை வந்துவிட்டது. மேட்டின் அடிவாரத்தில் இத்தனை ஆண்டுகள் தூசு தின்றவனுக்கு அதில் பங்கு உண்டா என்பதை இப்போதே கேட்டால்தான் உண்டு.

இனி நம் நகரத்துக்கு வருவோம். மாரிக்குப்பத்து வண்டி காலையில் கிருஷ்ணராஜபுரத்திலும், கன்டோன்மென்டிலும், நகர நிலையத்திலும் இறக்கிவிடும் மக்கள் எங்கே போகிறார்கள்? ஒயிட்ஃபீல்டின் கண்ணாடிக் கட்டடங்களுக்கும், தையல் ஆலைகளுக்கும், அடுக்குமாடி வீடுகளுக்கும் போகிறார்கள். சிலர் கணினியின் முன்னே அமர்கிறார்கள். பலர் வாயிலில் நிற்கிறார்கள், தரை துடைக்கிறார்கள், துணி தைக்கிறார்கள், வீடு வீடாகப் பொட்டலம் கொடுக்கிறார்கள். பாட்டன் தங்கவயல் கம்பெனிக்கு உழைத்தான். பேரன் பெங்களூர்க் கம்பெனிக்கு உழைக்கிறான். பாட்டனுக்குக் கம்பெனியின் பெயரேனும் தெரியும். பேரனுக்கோ, ஒப்பந்தக்காரர் ஒருவர், அவருக்கு மேல் இன்னொருவர் என்று அடுக்கிக்கொண்டு போவதால், தன் முதலாளி யார் என்பதே தெரிவதில்லை.

இந்நகரம் கம்பெனிகளால் வளர்ந்தது என்பதை நாம் மறக்கலாகாது. 1884இல் தோன்றிப் பின்னர் பின்னி கம்பெனியின் கைக்கு வந்த ஆலை நம்மவர் பலருக்குச் சோறு போட்டது. ஆலை இருந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. விமானத் தொழிற்சாலையும், தொலைபேசித் தொழிற்சாலையும், கடிகாரத் தொழிற்சாலையும் எத்தனையோ குடும்பங்களை நடுத்தர வாழ்வுக்கு உயர்த்தின. 1978ஆம் ஆண்டில் மாநில அரசின் நிறுவனம் மின்னணு நகரத்தைத் தொடங்கியபோது அது வெறும் காடாய்க் கிடந்தது. இன்று அங்கே நம் சங்கத்து வீட்டுப் பிள்ளைகளே பலர் நல்ல ஊதியம் பெறுகிறார்கள். தந்தை பத்தாண்டில் கண்ட பணத்தை மகன் ஓராண்டில் காண்கிறான். மகிழ்ச்சிதான், யாருக்குத் துன்பம்? கம்பெனி என்றாலே தீமை என்று சொல்பவன் அல்லன் நான்.

ஆயினும் ஏற்றத்தாழ்வு எல்லை கடந்துவிட்டது. 2022-23ஆம் ஆண்டுக்கான கணக்கொன்றைப் பொருளாதார ஆய்வாளர் சிலர் 2024இல் வெளியிட்டனர். அதன்படி, நம் நாட்டு மக்களில் நூற்றுக்கு ஒருவராய் உச்சியில் இருப்பவர் கையில் நாட்டின் வருமானத்தில் நூற்றுக்கு 22.6 பங்கும், சொத்தில் நூற்றுக்கு 40.1 பங்கும் இருக்கின்றன. நம் சங்கத்து நூறு பேருக்கு நூறு இட்டிலி வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இலையில் நாற்பது. மற்றத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அறுபது. அந்த அறுபதிலும் முன் பந்தியில் இருப்பவர் பெரும்பாலானவற்றை எடுத்துக்கொண்டால், கடைசிப் பந்திக்காரர் இலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். அந்த ஒருவர் உழைக்கவில்லை என்று சொல்லவில்லை. உழைத்திருக்கலாம், அறிவாளியாகவும் இருக்கலாம். ஆனால் நாற்பது இட்டிலி உடையவர் ஒருநாள் பந்தி விசாரிப்பவரையே கூலிக்கு அமர்த்திக்கொள்வார். அங்கேதான் ஆபத்து.

பந்தி விசாரிப்பவர் என்று நான் சொல்வது அரசியலை. தேர்தலுக்குப் பணம் வேண்டும். பணம் கம்பெனிகளிடம் இருக்கிறது. இந்த உறவைக் கண்டு அஞ்சிய நம் நாடு 1969ஆம் ஆண்டில் கம்பெனிகள் கட்சிகளுக்கு நன்கொடை தருவதைத் தடை செய்தது. 1985ஆம் ஆண்டில் தடை நீங்கிற்று. ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். 2013ஆம் ஆண்டின் சட்டத்தில் அவ்வரம்பு மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 7.5 விழுக்காடு என்று இருந்தது. 2017ஆம் ஆண்டில் வரம்பே எடுக்கப்பட்டது. 2018 முதல் தேர்தல் பத்திரம் என்னும் முறை வந்தது. யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்பது பொதுமக்களுக்குத் தெரியாத முறை அது. 16,000 கோடி ரூபாய்க்கு மேல் பத்திரங்கள் விற்றன. 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தையும், வரம்பு நீக்கத்தையும் செல்லாதென்று தீர்த்தது. வாக்களிப்பவனுக்குத் தகவல் அறியும் உரிமை உண்டு என்றது. தனிமனிதன் தரும் நன்கொடையும் பெரிய கம்பெனி தரும் நன்கொடையும் ஒன்றல்ல என்றும் எடுத்துக்காட்டியது.

சீட்டு எழுத்தனுக்கு இந்தப் பெரிய பேச்சு ஏன் என்று நேயர்கள் எண்ணக்கூடும். என் சாளரத்தில் ஐந்து ரூபாய் வாங்கினாலும் நான் சீட்டுக் கொடுக்கிறேன். சீட்டில்லாமல் பணம் வாங்கினால் என் வேலை போகும், போகவும் வேண்டும். ஐந்து ரூபாய்க்குள்ள இந்த ஒழுங்கு, கோடிகளுக்கு வேண்டாமா?

ஏழை சொல்லும் சில வேளை அம்பலம் ஏறும் என்பதை இந்நகரத்துப் பெண்கள் 2016ஆம் ஆண்டில் காட்டினார்கள். தொழிலாளர் வைப்பு நிதியில் முதலாளி செலுத்தும் பங்கை ஐம்பத்தெட்டு வயதுக்குமுன் எடுக்கக்கூடாது என்று மத்திய அரசு அவ்வாண்டில் ஒரு விதி செய்தது. தையல் ஆலைப் பெண்ணுக்கு அந்த நிதி என்ன? மகளின் கலியாணம், கந்துக்கடன் தீர்க்கும் கடைசிக் கைப்பிடி. ஊசியும் நூலும் பிடித்துக் கண் மங்கிய பின் ஐம்பத்தெட்டு வயதுவரை எந்த ஆலை வைத்துக்கொள்ளும்? ஏப்ரல் 18, 19 ஆகிய இரு நாட்களிலும் ஆயிரமாயிரம் பெண்கள் ஆலைகளை விட்டுச் சாலைக்கு வந்தார்கள். பெரிய தலைவர் எவரும் அழைக்கவில்லை. ஓசூர்ச் சாலை நின்றது. கலவரமும் தடியடியும் நேர்ந்தன, அவை வருந்தத்தக்கவை. ஆனால் இரண்டாம் நாள் மாலைக்குள் தில்லி அந்த விதியைத் திரும்பப் பெற்றது. 1930இல் கைரேகை வைக்க மறுத்த தங்கவயல் தொழிலாளியின் பேத்திகளும் அக்கூட்டத்தில் இருந்திருப்பார்கள் என்றே நான் எண்ணிக்கொள்கிறேன்.

இனி நம் சங்கத்துக்குள்ளேயே நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பெயர் சொல்லப்போவதில்லை, யாரையும் குறை கூறுவதும் என் நோக்கமன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பொங்கல் விழாவின் செலவு முழுவதையும் தாமே ஏற்பதாக மனை விற்கும் நிறுவனம் ஒன்று முன்வந்தது. நிபந்தனை இரண்டு: மேடையின் பின்திரையில் அவர்கள் பெயர் இருக்க வேண்டும், விழா நடுவே அவர்கள் ஆள் கால்மணி நேரம் பேச வேண்டும். செயற்குழுவில் பெரும்பாலோர் இசைந்தோம். நானும் கை தூக்கினேன். இன்னிசைக் குழு வைக்கலாம், குழந்தைகளுக்குப் பரிசு தரலாம் என்பதுதான் எங்கள் எண்ணம்.

அப்போது ஆலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் எழுந்தார். "பணம் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்குங்கள், ரசீது கொடுங்கள், ஆண்டு மலரில் கணக்கெழுதுங்கள். ஆனால் மேடையைக் கொடுக்காதீர்கள். நாளைக்கு இந்த மனையை வாங்கி நம்மவன் ஒருவன் ஏமாந்தால், அவனுக்காகப் பேச நமக்கு வாய் இருக்காது. வாயை விற்ற சங்கம் சங்கமா?" என்றார். அவை அமைதியாயிற்று. நிறுவனத்தாரிடம் போய்ச் சொன்னோம். மேடை இல்லையேல் பணமும் இல்லை என்றார்கள். விழா சிறியதாகவே நடந்தது. இன்னிசைக் குழு இல்லை. வீட்டுக்கு இருநூறு ரூபாய் திரட்டிப் பொங்கல் வைத்தோம். "சப்பென்று இருந்தது" என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். என் பிள்ளைகளும் அவ்வாறே சொன்னார்கள். ஆனால் அன்றிரவு கணக்குப் புத்தகத்தை மூடும்போது, யாருக்கும் கடன்படாத பொங்கல் என்ற நிறைவு எனக்கிருந்தது. கை தூக்கியதற்காக வெட்கமும் இருந்தது.

நாட்டில் நடப்பதும் இதுதான், தொகைதான் வேறு. மேடை யாருடையது என்பதே கேள்வி.

நாம் செய்யத்தக்கது என்ன? பெரிய சீர்திருத்தங்களைப் பெரியோர் செய்யட்டும். நாம் சிறியவற்றைச் செய்வோம். நம் வீட்டில் எவர் எங்கே வேலை பார்த்தாலும் நியமனக் கடிதம், ஊதியச் சீட்டு, வைப்பு நிதி எண் ஆகிய மூன்றும் கையில் இருக்கின்றனவா என்று இவ்வாரமே பாருங்கள். ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்வோர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பொட்டலம் கொடுக்கும் பிள்ளைகளுக்காகவும், வாடகை வண்டி ஓட்டுவோருக்காகவும் கர்நாடகம் 2025ஆம் ஆண்டில் தனிச் சட்டம் செய்திருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் தரப்படும் கூலியைக் கணக்கிட்டு, நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நலநிதிக்குச் செலுத்தும் கடமையைக் கம்பெனிகளின்மேல் அது வைக்கிறது. அதில் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ளும்படி அப்பிள்ளைகளைத் தூண்டுங்கள். தாள் நிரப்பத் தெரியாதவர் ஞாயிற்றுக்கிழமை மாலை சங்க நூலகத்துக்கு வரலாம். நானும் நண்பர் இருவரும் அங்கே இருப்போம். அலுவலகத் தாள் நிரப்புவதில் எனக்குப் பழக்கம் உண்டு.

கணினி நிறுவனங்களில் உயர்ந்த வேலையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டட வாயிலில் உடுப்பணிந்து நிற்கும் முதியவர் தமிழில் பேசினாலும் கன்னடத்தில் பேசினாலும், அவருக்கு உரிய நாளில் ஊதியம் வருகிறதா என்று ஒருமுறை கேளுங்கள். கேட்பதற்குச் செலவில்லை. நீங்கள் கேட்டால் பதில் வரும். அவர் கேட்டால் வேலை போகக்கூடும்.

அந்தப் பெரியவர் இம்மாதம் முதல் வாரத்திலும் வந்தார். "ஐயா, பாதையின் கதையைப் படித்துவிட்டேன்" என்றேன். "படித்தாயா? நல்லது தம்பி. நான் அதில் இருபத்திரண்டு வருஷம் இறங்கி ஏறினேன்" என்றார். அதற்குமேல் பேச நேரமில்லை. ஒரு மாதச் சீட்டைக் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஒயிட்ஃபீல்டு வண்டியைப் பிடிக்க விரைந்தார்.